பளபளப்பு ஜாக்கிரதை!

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்குப் போகிற இளைஞர்கள் எதற்குப் போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் காந்தி வீதிச் சந்தைக்குப் போனேன். (சத்தியமா சார்!)

ஞாயிறானால் வீதி முழுக்கக் கடை. மலிவுச் சட்டை, அட்டை போன நாவல், கைப்பிடி போன குக்கர்... நடுவே துணி விரித்துப் பழைய காசுகள்.

விக்டோரியா ரூபாய் ஒன்று, நேற்று அடித்த மாதிரி ஜொலித்தது. பர்ஸை எடுத்தேன். பக்கத்தில் குந்தியிருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் லென்ஸை நீட்டினார்.

"ராணியம்மா கன்னத்தைப் பாருங்க தம்பி."

கன்னம் பூரா மெல்லிய கீறல்!

"பாலீஷ் போட்டது. தேய்க்காத புதுக் காசைச் சாய்ச்சா, வெளிச்சம் சக்கரமா சுத்தும். இது கண்ணாடியாட்டம் சும்மா மின்னுது. விளிம்புல பாருங்க, பற்ற வெச்ச தழும்பு. யார் கழுத்துலயோ தொங்கினது. கொக்கியைப் பிடுங்கிட்டாங்க."

சட்டைப் பையிலிருந்து குட்டித் தராசு வந்தது. 11.66 கிராம் இருக்கவேண்டிய ரூபாய், 11.2 காட்டியது.

"வெள்ளி 91.7 சதவீதம். வெள்ளி விலைக்கு வாங்கலாம். மேலே பத்து பைசா குடுக்காதீங்க."

வெளிநாட்டில் காசைத் தரம் பார்த்து, மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரக் கம்பெனிகள் உண்டு. காந்தி வீதியில் அவரவர் கண்தான் கம்பெனி!

ஞானம் பெற்று அடுத்த விரிப்புக்கு நகர்ந்தேன். கடைக்காரர் ஓர் ஆயா. குவியலில் சின்னதாய் ஒரு செப்புக் காசு. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆண்டபோது வெளியிட்டது. 'தூதூ' என்பார்கள். நம்ம துட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரியே பெயர். ஒரு பக்கம் பிரெஞ்சு அரச குடும்பத்து லில்லிப் பூ. மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'! சீரான சாக்லேட் நிறம். யாரும் தேய்க்காதது. நெஞ்சு தடதடத்தது.

"முன்னூறு" என்றார் ஆயா.

கொடுத்திருக்கலாம். பி.காம். புத்தி விடுமா? "என்ன ஆயா, ஒரே அழுக்கு! நூத்தம்பதுதான்" என்றேன்.

ஆயா கோபிக்கவில்லை. "அழுக்குதானே... இரு தம்பி" என்று சுருக்குப் பையிலிருந்து விபூதியை எடுத்தார். பக்கத்து சர்பத் கடையிலிருந்து ஒரு பிழிந்த எலுமிச்சை மூடி. "ஐயோ, வேணாம்!" என்று நான் வாய் திறப்பதற்குள் பரபரவென்று தேய்த்துவிட்டார். தலைமுறை தலைமுறையாகக் காற்றும் கைகளும் பூசிய நிறம், இரண்டே நிமிஷத்தில் காலி. காசு ரோஸ் கலரில் பல்லை இளித்தது.

"பாரு, தங்கமாட்டம்! உனக்காகத்தான்."

அந்த முகத்தில் அவ்வளவு பெருமை. பேசாமல் முன்னூறையும் கொடுத்தேன். வாத்தியார் காசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லென்ஸை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

காசு இப்போது என் ஆபீஸ் டிராயரில் இருக்கிறது. செம்பு மறுபடி கறுக்கிறது, திட்டுத் திட்டாக. பழைய நிறம் வரவில்லை. பாலீஷ் காசை விற்கிறவர்களை நண்பர்கள் திட்டும்போது நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

'அழுக்கு' என்று முதலில் சொன்னது யாராம்?