கடைசியாக நோயாளியைப் பார்த்த தேதி

கனடா பி.ஆர். கையில் வந்துவிட்டால் டாக்டர் வேலை பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. விசா ஏஜென்ட்கூட, "வேலைக்கு நாங்க பொறுப்பில்ல மேடம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நானாகத்தான் நம்பினேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், தாம்பரம் – வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எனக்குச் சின்னதாகக் கிளினிக் இருந்தது. படிப்பு எம்.பி.பி.எஸ்.; குழந்தை மருத்துவத்தில் டி.சி.எச். பட்டயம். சேலையூர், செம்பாக்கம் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களில் ராத்திரி வெகுநேரம் ஆகியும் வாசல் பெஞ்ச் காலியாகாது. அதற்கு அடுத்த வருடம்தான் கணவர் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பித்தார். அவர் சாஃப்ட்வேர்காரர், பிரதான விண்ணப்பதாரர் அவர், நான் மனைவி. ஐஇஎல்டிஎஸ், போலீஸ் சான்றிதழ், மெடிக்கல் எல்லாம் மளமளவென்று முடிந்தன. கிளினிக்கைக் காலி செய்தேன். நெபுலைசரைத் தெரிந்த டாக்டர் ஒருவருக்குக் கொடுத்தேன். 2017இல் டொரன்டோ போய் இறங்கினோம்.

அங்கே போன பிறகுதான் வரிசை புரிந்தது. குடியேற்றத் துறை தருவது வசிக்கும் உரிமை. நோயாளியைத் தொட உரிமம் தருவது அந்தந்த மாகாணத்தில் 'காலேஜ்' என்று அழைக்கப்படும் மருத்துவர் பதிவு அமைப்பு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து பேசிக்கொள்வதில்லை. உரிமத்துக்கு முதலில் கனடா மருத்துவக் கவுன்சிலின் தேர்வுகள்; பிறகு இடம் பொருத்தித் தரும் கார்ம்ஸ் அமைப்பு வழியாக ரெசிடென்சிப் பயிற்சி இடம். பெரும்பாலான மாகாணங்களில் குடியுரிமையோ பி.ஆரோ இல்லாமல் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே பி.ஆர். வேண்டும்தான். அது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு, அவ்வளவே. வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களோ குறைவு. அதற்கு உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்களோடு, அயர்லாந்திலும் கரீபியன் தீவுகளிலும் படித்துத் திரும்பும் கனடாப் பிள்ளைகளும் போட்டி. என் டி.சி.எச்சை வைத்து நேரே குழந்தை மருத்துவராகவும் வழியில்லை.

என்னை உறுத்துவது வேறு. அன்றைய நுழைவுத் தேர்வான எம்சிசிஇஇயை இந்தியாவில் இருந்தபடியே எழுதியிருக்கலாம். கிளினிக்கை நடத்திக்கொண்டே, இரவில் படித்து, தேறிவிட்டுப் போயிருக்கலாம். அந்தத் தகவல் ரகசியமல்ல, கவுன்சிலின் இணையதளத்திலேயே இருந்தது. பி.ஆர். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்த சாயங்காலங்களில் ஒரு நாளாவது அதைத் திறந்து பார்க்கவில்லை.

அதைவிடக் கடினமான முடிச்சு ஒன்று உண்டு. பி.ஆரைத் தக்கவைக்க ஐந்து ஆண்டுகளில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். ரெசிடென்சித் தேர்வுக் குழுக்களோ, நீங்கள் சமீபத்தில் நோயாளிகளைப் பார்த்தீர்களா என்று கேட்கின்றன. ஊருக்குப் போய் மருத்துவம் பார்த்தால் பி.ஆர். தேய்கிறது, அங்கேயே இருந்தால் மருத்துவம் தேய்கிறது. நான் அங்கேயே இருந்தேன். ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலை. வீட்டுக்கு வந்தால் தேர்வுப் படிப்பு. ஒரு தேர்வில் தேறினேன். கார்ம்ஸில் இடம் கிடைக்கவில்லை, மறு ஆண்டும் கிடைக்கவில்லை.

ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். ஒரு பனிக்கால இரவு அந்தப் பெண் ஒன்றரை வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"அக்கா, பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. நீங்கள் டொக்டர்தானே, ஒருக்காப் பாருங்கோ."

சோபாவில் கிடத்தச் சொல்லிச் சட்டையை உயர்த்தினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்தது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒரு முழு நிமிடம். நாற்பத்தாறு. எண்ணி முடித்தவள் அப்படியே நின்றேன். இந்த வயதுக்கு எல்லை நாற்பதா, ஐம்பதா?

இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது ஆகும்வரை ஐம்பது, அதற்கு மேல் ஐந்து வயதுவரை நாற்பது. எத்தனை நர்சுகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எண்ணக்கூட மாட்டேன். பிள்ளை வாசல்படி ஏறும்போதே காது சொல்லிவிடும். இப்போது அந்தத் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருக்கிறேன். சில விநாடிகள்தான். தோல் குழிவதைக் கண்டதுமே எழுந்திருக்க வேண்டிய நான் அந்தச் சில விநாடிகளை எண்ணிக்கையில் விட்டேன்.

"உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். போனார்கள். குழந்தை நல்லபடியாகத் திரும்பியது. அவள் எனக்கு நன்றி சொன்னாள். உரிமம் இல்லை என்று அதுவரை கனடாவோடு எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அன்று இரவு தூங்காமல் கிடந்தபோது அந்த மனத்தாங்கல் போய்விட்டது. என் பிள்ளை அப்படிக் கிடந்தால் அன்றைய என்னிடம் கொண்டுபோவேனா?

2021இல் ஊர் திரும்பினோம். உடனே கிளினிக் திறக்கவில்லை. குரோம்பேட்டையில் ஒரு மூத்த குழந்தை மருத்துவரின் வார்டில், என்னைவிடச் சிறியவர்களோடு ரவுண்ட்ஸ் போனேன். கை திரும்பி வந்தது. பழைய நோயாளிகள் பாதிக்கு மேல் வேறு டாக்டர்களிடம் போயிருந்தார்கள், அது நியாயம்தான். பிறகு பி.ஆரும் போய்விட்டது.

என்னோடு படித்த ஒருத்தி பிரிட்டன் போனாள். அங்கே வரிசை நேரெதிர். பிளாப் என்னும் தகுதித் தேர்வின் முதல் பகுதியைச் சென்னையிலேயே எழுதினாள், இரண்டாவதற்கு மான்செஸ்டர் போனாள். மருத்துவக் கவுன்சில் பதிவு, பிறகு மருத்துவமனை வேலை, அந்த வேலையை வைத்து விசா, ஐந்து ஆண்டு கழித்து நிரந்தர உரிமை. ஒரு நாளும் வார்டை விட்டு அவள் வெளியே நிற்கவில்லை. இப்போது அந்த ஐந்தைப் பத்தாக்க வேண்டும் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அந்த அரசு சொல்லியிருக்கிறது. போகிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கனடாவிலும் மாறியிருக்கிறது. 2019 முதல் கனடா மருத்துவக் கவுன்சிலின் முக்கியத் தேர்வின் முதல் பகுதியை வெளிநாட்டிலேயே எழுதலாம். 2023 முதல் சுகாதாரத் துறையினருக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனிச் சுற்று நடக்கிறது. ஏற்கெனவே சுயமாக மருத்துவம் பார்த்தவர்களை 12 வாரம் பணியில் வைத்து மதிப்பிட்டு உரிமம் தரும் திட்டமும் பல மாகாணங்களில் இருக்கிறது. அதிலும் சமீபத்திய அனுபவம் கேட்பார்கள்.

போன மாதம் ஹவுஸ் சர்ஜன்சி முடித்த பெண் ஒருத்தி, கனடாவுக்குப் பணம் கட்டப்போகிறேன், டியூட்டி டாக்டர் வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டு வந்தாள். "விடாதேம்மா" என்றேன். "தேர்வை இங்கிருந்தே எழுது. டிக்கெட் எடுக்கும் நாள்வரை வார்டுக்குப் போ. கடைசியாக நோயாளியைப் பார்த்த தேதி என்ன என்று அங்கே கேட்பார்கள்."