சாரே, வெள்ளம் கலங்குது



இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது முழுவதும் வாசியுங்கள். உங்களில் ஒருவன் கட்டாயம் வாசிக்க வேண்டும். அவன் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு என் தங்கையின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு விமான நிறுவனத்தில் கேபின் க்ரூவாக வேலை பார்க்கிறாள். ஒருநாள் காலை அப்பம் தின்றுகொண்டே நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மக்ளே, வேலைக்குப் போன பிறகும் பரீட்சையா?" என்றேன்.

"ஆமா பாட்டா, வருசா வருசம் உண்டு. லீவு முடிஞ்சு போன உடனே சி.ஆர்.எம். வகுப்பு."

சி.ஆர்.எம். என்றால் க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட். விமானத்தில் வேலை செய்பவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேச வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தரும் வகுப்பாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தையில் மலையாளத்தில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, இரண்டும் கலந்து சண்டை போடுகிற ஊர் நம்முடையது. நம்ம ஊர்ப் பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுக்க வகுப்பா?

அவள் நோட்டைக் காட்டினாள். மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்து எழுதியிருந்தது. காரியம் உடனே முடிய வேண்டும் என்கிற அவசரக்காரர். கலகலவென்று பேசுகிறவர். யாரையும் பகைக்க விரும்பாத அமைதியானவர். ஒவ்வொன்றையும் சரிபார்க்கிற கணக்குக்காரர்.

"இதை எங்கள் பவணந்தி முனிவர் எப்போதோ செய்துவிட்டார்" என்றேன். நன்னூலில் மாணாக்கர் வகை உண்டு. அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டு உவமை. ஆசிரியர் பயிற்சியில் படித்ததை அவளுக்கு ஒப்பித்துக் காட்டினேன். எத்தனையோ வருடம் வகுப்பில் அந்தப் பெயர்களைச் சொல்லி உங்களை நான் திட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

"பாட்டா, இது திட்டுறதுக்கு இல்ல. ஆளுக்குத் தக்க நம்ம பேச்சை மாத்துறதுக்கு" என்றாள்.

ஒரு உதாரணமும் சொன்னாள். பின்பக்கக் கழிவறையில் புகை வாசனை வருகிறது. அவசரக்காரக் கேப்டனிடம் கதையை முதலிலிருந்து சொன்னால் பாதியில் வெட்டிவிடுவார். "பின் கழிவறையில் புகை" என்று முடிவை முதலில் சொல்ல வேண்டும். கணக்குக்காரர் என்றால் எங்கே, எப்போது, எவ்வளவு என்று அடுத்தடுத்துக் கேட்பார், பதில் கையில் இருக்க வேண்டும். அமைதியான ஆளிடம் "எல்லாம் சரிதானே?" என்று கேட்கவே கூடாது. தலையாட்டிவிடுவார். "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

அந்தக் கடைசி வரி என்னைக் குத்தியது. பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதாடே?" என்று கேட்பேன். "புரிஞ்சுது சார்" என்று மொத்த வகுப்பும் பாடும். அதை நம்பி எத்தனை பாடத்தை முடித்திருக்கிறேன்!

இந்தப் பயிற்சி வந்த கதையையும் சொன்னாள். 1978 டிசம்பர் 28. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்துக்கு மேலே ஒரு விமானம் சக்கரக் கோளாறு காரணமாகச் சுற்றிச்சுற்றி வந்தது. கேப்டன் கவனம் முழுவதும் சக்கரத்தில். எரிபொருள் குறைவது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் மனதில் ஏறும்படி சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். கேப்டன்கள் மற்றவர்களைக் கலந்து செயல்படவும், கூட இருப்பவர்கள் துணிந்து சொல்லவும் பயிற்சி வேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது. 1979-இல் நாசா அதற்கென்று ஒரு பட்டறை நடத்தியது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

அப்படிப் பரவிய பிறகும் நமக்குப் பக்கத்தில் என்ன நடந்தது? மங்களூர், 2010 மே 22. துபாயிலிருந்து வந்த விமானம். அதில் வந்தவர்கள் நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் போல வளைகுடாவில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களும் குடும்பங்களும். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். விமானி அறை ஒலிப்பதிவில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கேப்டன் தூங்கியிருக்கிறார். எழுந்து இறக்கும்போது விமானம் மிக உயரத்தில் இருந்தது. துணை விமானி மூன்று முறை "கோ அரவுண்ட்" என்றார். இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வருவோம் என்று அர்த்தம். கேப்டன் கேட்கவில்லை.

பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த விமானம். மழை. ஓடுபாதையில் ஏறக்குறையப் பாதி தூரம் தாண்டித்தான் தரை தொட்டது. இங்கேயும் துணை விமானி "கோ அரவுண்ட்" சொன்னார். 190 பேரில் இரண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் போனார்கள். சொன்னதைக் கேட்காமல் இறக்கியதையும், சொன்னவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்காததையும் விசாரணை அறிக்கை சேர்த்தே குறிப்பிட்டது.

"அதனால எங்களுக்கு நாலு படி சொல்லித் தருவாங்க பாட்டா. முதல்ல சந்தேகமா கேக்கணும். கேக்கலன்னா ஆபத்துன்னு எச்சரிக்கணும். அப்பவும் கேக்கலன்னா நேரா எதிர்த்துச் சொல்லணும். கடைசில, நாமளே செயல்ல இறங்கணும்."

நான் எழுந்து வெளித்திண்ணைக்குப் போய்விட்டேன். அந்த நான்கு படியையும் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் என் முன்னால் ஏறிக் காட்டியிருக்கிறான்.

1990-களின் நடுவில், ஐப்பசி மாதம். பிள்ளைகளைத் திற்பரப்புக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருந்தோம். அருவிக்கு மேலே பாறையில் தண்ணீர் கணுக்காலளவு ஓடியது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் மரத்தடியில் சோற்றுப் பொட்டலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் வந்தான். அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். ஆற்றோரத்தில் வளர்ந்த பிள்ளை.

"சாரே, வெள்ளம் கலங்குதா?" என்றான். வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன், நம்ம பக்கத்தில் சாதாரணத் தண்ணீரையும் வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

"போடே, போய் விளையாடு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தான். "சாரே, வெள்ளம் கலங்குது. மேல மழை பெய்யுதுபோல. கரைக்குக் கேறணும் சாரே."

"உனக்குப் பயம்னா நீ போய் பஸ்ல இரு. எண்ணிக்கை தப்புது."

மூன்றாவது முறை குரல் நடுங்கச் சத்தமாகச் சொன்னான்: "சாரே, இப்பமே எல்லாரையும் கேறச் சொல்லணும்!" கூட வேலை பார்த்த ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. முறைத்தேன்.

அவன் என்னை விட்டுவிட்டு ஓடினான். பாறையில் நின்ற பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்தான், கத்தினான். ஒழுங்கு மீறுகிறான் என்று நான் பின்னாலேயே போய் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். என் கை இறங்கவில்லை, தண்ணீர் செம்மண் நிறத்தில் முழங்காலுக்கு ஏறியது. பாதிப் பிள்ளைகள் ஏற்கெனவே அவனால் கரையில் இருந்தார்கள். மீதிப் பேரை நாங்கள் இழுத்துப் போட்டோம். கடைசி இரண்டு பேரைச் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த ஓர் அண்ணன் இறங்கித் தூக்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சுற்றுலா நல்லபடியாக முடிந்தது என்று பள்ளியில் எழுதிக் கொடுத்தேன். பெற்றோரிடமும் சொல்லவில்லை. அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைப் பேத்தியிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அதுக்குப் பிறகு அவன் உங்ககிட்ட எதாவது வந்து சொன்னானா பாட்டா?"

இல்லை. எட்டாம் வகுப்பு முடிந்து போகும்வரை அவனாக வந்து எதுவும் சொன்னதில்லை. அவன் சுபாவமே அப்படி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த அமைதியில் பாதி நான் அடித்து உண்டாக்கியது.

ஆளுக்குத் தக்கப் பேச வேண்டும் என்பது சரி. ஆனால் பெரியவரின் கோபத்துக்குத் தக்க ஆபத்தைச் சிறிதாக்கிச் சொல்ல ஒரு பிள்ளை பழகிவிட்டால், அது பெரியவரின் தவறு. "கோ அரவுண்ட்" என்ற சொல்லை அவசரக்காரருக்கு ஒரு மாதிரி, அமைதியானவருக்கு ஒரு மாதிரி என்று வைக்கவில்லை. யார் சொன்னாலும், யாரிடம் சொன்னாலும் அதே சொல்தான். நல்ல கேப்டன்கள் புறப்படும் முன்பே, "நான் தவறு செய்வதாகத் தோன்றினால் உடனே சொல்லுங்கள்" என்று சொல்லிவிடுவார்களாம். நான் ஒருநாளும் ஒரு வகுப்பில் அப்படிச் சொன்னதில்லை.

உங்களில் இன்று நர்ஸ் இருக்கிறீர்கள், டிரைவர் இருக்கிறீர்கள், கட்டட மேஸ்திரி, தலைமை ஆசிரியர் எல்லாம் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே வாய் திறக்காத ஒருவர் இருப்பார். அவர் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றால், எண்ணிக்கொண்டிருக்கும் பொட்டலத்தைக் கீழே வையுங்கள்.

மக்ளே, நீ இப்போது வளைகுடாவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ அன்று சொன்னது முழுக்கச் சரி. உன்னால்தான் அத்தனை பிள்ளைகளும் வீடு திரும்பினார்கள். உன்னை அடித்தது என் தவறு. மன்னித்துக்கொள். லீவுக்கு வரும்போது வீட்டுக்கு வா. இந்தத் தடவை நீ பேசு, நான் கேட்கிறேன்.

அன்று கூட இருந்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், அவனுக்குக் காட்டிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சார்