நியூட்ரினோவுக்கு வால் உண்டா?

போடிக்காரனுக்குப் பொட்டிபுரம் வெளியூரே இல்லை. ராசிங்கபுரம் தாண்டினால் அம்பரப்பர் மலை எதிரே வந்து நின்றுகொள்ளும். 2015-ல் அந்த மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட மத்திய அரசு அனுமதி தந்ததும் போராட்டம் சூடு பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை வண்டியில் ஏற்றினேன்.

"கோஷம் போடுற இடத்துல ஏழு வயசுப் புள்ளைக்கு என்ன வேலை?" என்றாள் வீட்டம்மா. எனக்கும் பதில் தெரியாது. வேடிக்கைதான்!

பந்தலில் பையன் தொண்டை கிழியக் கத்திவிட்டு, என் சட்டையை இழுத்தான்.

"நியூட்ரினோவுக்கு வால் இருக்குமாப்பா?"

"கண்ணுக்கே தெரியாதுடா. இப்பவும் கோடிக்கணக்குல நம்ம உடம்புக்குள்ள பாயுது. வலிக்காது."

"அப்ப எதுக்கு வேணாங்கிறோம்?"

மாட்டிக்கொண்டேன். அதைக் கண்டுபிடிக்க 2 கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்பு, பாறைக்கு வெடி... ஆபத்தில்லை என்றார்கள் விஞ்ஞானிகள். நான் திணற, பக்கத்துப் பாட்டி முடித்துவைத்தார்: "மலைய அடைச்சிட்டா ஆடு எங்கய்யா மேயும்?"

அவர் மடியில் ஒரு பொடியன். "பேரனையும் கூட்டியாந்துட்டீங்களா ஆத்தா?"

"எங்கிட்டுக் கூட்டியாற? அந்தா, அதான் எங்க வீடு."

2022-ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் திட்டம் வேண்டாமென்றது. பையன் இப்போது கல்லூரியில் இயற்பியல். "வந்திருந்தா அங்கயே வேலைக்குப் போயிருப்பேன்" என்கிறான். பாட்டியின் ஆட்டை ஞாபகப்படுத்தினேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.