டிசம்பர் 25-ல் முடிந்துவிடும் படங்கள்

முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். ஹீரோயின் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பாள். கையில் காபி, காதில் போன், காலில் பனியில் நடக்கவே லாயக்கில்லாத ஹீல்ஸ். அவளுக்கு ஒரு பாய்ஃபிரண்ட். கோட்டு சூட்டோடு இருப்பான்; அவள் பேசும்போதெல்லாம் செல்போனையே பார்த்துக்கொண்டிருப்பான். இவன் அம்பேல் என்று அப்போதே புரிந்துவிடும், பாவம். ஏதோ ஒரு காரணத்துக்காக அவள் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு குட்டி ஊருக்குப் போவாள். அங்கே கட்டம் போட்ட சட்டையில் ஒருத்தன் கிறிஸ்துமஸ் மரம் விற்றுக்கொண்டிருப்பான். முதல் சந்திப்பிலேயே இவள் காபி அவன் சட்டையில் கொட்டும். அவ்வளவுதான், டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஆனால் யாரும் அணைப்பதில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

இந்த வகைக்கு அமெரிக்காவில் 'ஹால்மார்க் படம்' என்றே பெயர் நின்றுவிட்டது. 1910-ல் கான்சஸ் சிட்டியில் வாழ்த்து அட்டை விற்க ஆரம்பித்த கம்பெனி அது. அதன் டிவி சேனல் 2009 முதல் 'கவுன்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்ற பெயரில் வருஷக் கடைசியில் வரிசையாகக் காதல் படங்கள் போடுகிறது. தீபாவளிப் பலகாரம் மாதிரி, அக்டோபர் கடைசியிலேயே வாசனை வர ஆரம்பித்துவிடும். ஒரே சீசனில் 40 புதுப் படங்கள் வந்த வருஷங்களும் உண்டு. பெரும்பாலானவை கனடாவில், பல சமயம் கொளுத்தும் கோடையில், இரண்டு மூன்று வாரத்தில் எடுத்து முடிக்கப்படுபவை. தரையில் கிடக்கும் பனி காகிதத் தூள், நுரை, வெள்ளைத் துணி. மப்ளர் சுற்றிக்கொண்டு சிரிக்கும் ஹீரோவுக்கு உள்ளே வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்கும். 2017-ல் நெட்ஃபிளிக்ஸும் 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' மூலம் களத்தில் இறங்கியது. அதற்காக அல்டோவியா என்று வரைபடத்திலேயே இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கி, அதற்கு ஒரு இளவரசனையும் கொடுத்தார்கள். 2024-ல் வந்த 'ஹாட் ஃப்ராஸ்டி'யில் பனி மனிதனே உயிர் வந்து ஹீரோவாகிவிட்டான்! அதில் ஹீரோயின் லேசி ஷேபர்ட். 'மீன் கேர்ள்ஸ்' (2004) பார்த்தவர்களுக்கு முகம் ஞாபகம் இருக்கும். இந்த வகைப் படங்களுக்கு இன்றைக்கு அவர்தான் மகாராணி.

சும்மா சொல்லக்கூடாது, இதில் ஒரு சுகம் இருக்கிறது. துணி மடித்துக்கொண்டே பார்க்கலாம். விளம்பரத்தில் எழுந்து போய் சாதம் வடித்துவிட்டு வந்தாலும் கதை அங்கேயே நிற்கும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பயமில்லை, படம் முழுக்க ஒரே ஒரு முத்தம்தான், அதுவும் கடைசி நிமிடத்தில். அதற்கு முன்னால் ஒரு தடவை நெருங்கி வருவார்கள். சரியாக அப்போது யாராவது கதவைத் தட்டுவார்கள். (எல்லாப் படத்திலும் தட்டுவார்கள். அந்த ஊரில் அதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள் போல.) 'கதை முன்னாடியே தெரிகிறதே' என்று சலித்துக்கொள்பவர்கள் தெருக்கூத்துப் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம். பாஞ்சாலிக்கு என்ன ஆகும் என்று தெரியாமலா ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது? திருப்பதி லட்டில் யாரும் புது ருசி தேடுவதில்லை.

குறைகளும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பல வருஷங்களுக்கு அந்தக் குட்டி ஊர்களில் வெள்ளைக்காரர்கள் மட்டுமே வசித்தார்கள். 2019 டிசம்பரில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிடும் ஒரு கல்யாண விளம்பரத்தை ஹால்மார்க் தூக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்த வருஷம் 'தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்' படத்தில் ஓர் ஆண் ஜோடியும் முக்கியப் பாத்திரங்களாக வந்துவிட்டார்கள். அதைவிடப் பழைய குறை ஒன்று இருக்கிறது. படத்துக்குப் படம், வேலையில் கெட்டிக்காரியாக இருப்பதுதான் அந்தப் பெண் செய்த ஒரே தப்பு. கடைசியில் புரமோஷனை உதறிவிட்டு ஊரிலேயே தங்கிவிடுவாள். தங்கினால் என்ன சாப்பிடுவாள், வாடகை யார் கொடுப்பார்கள் என்ற கேள்வியே கிடையாது. ஊரில் ஒரு பேக்கரி இருக்கும். நாளைக்கு மூன்று பேர் வருவார்கள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழில் இதற்கு நேர் உறவு உண்டா? டிவிக்கென்று எடுத்த கிறிஸ்துமஸ் படம் என்று ஒரு வகை இல்லை. ஆனால் கிறிஸ்தவக் கதாநாயகி என்று ஒரு வகை இருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு கணிக்கக்கூடியது. 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'காதலுக்கு மரியாதை' (1997), 'மின்சார கனவு' (1997), 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010)... வரிசை நீளம். வெள்ளை கவுன், உயரமான சர்ச், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு முகம், தூரத்தில் தூணோரம் நின்று பார்க்கும் இந்துப் பையன். ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. அமெரிக்கப் படத்தில் காதலுக்குக் குறுக்கே நிற்பது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் ஒரு தப்பர்த்தம். இங்கே குறுக்கே நிற்பது அப்பா. அப்பா இல்லையென்றால் அண்ணன்கள், அவர்களும் இல்லையென்றால் இரண்டு மதம். ஹால்மார்க் படத்தை முதல் தடவை பார்க்கும் தமிழ் ஆளுக்கு அதுதான் தலை சுற்றும். 'பொண்ணு பத்து நாளாக ஊர் சுற்றுகிறாளே, வீட்டில் ஒருத்தர்கூடக் கேட்க மாட்டார்களா?'

இன்னொன்று. 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஜெஸ்ஸி ஆலப்புழைக் குடும்பத்துப் பெண். 2024-ல் வந்த 'அமரன்' நாயகியும் மலையாளக் கிறிஸ்தவர். அது நிஜக் கதை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மெரினாவிலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் ராயபுரம் இருக்கிறது. ராயப்பர் என்றால் புனித பேதுரு. அந்தப் பெயரிலிருந்துதான் ஊர்ப்பெயர் வந்தது என்பார்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பலில் இருந்து ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் மசூலா படகுக்காரர்கள். அந்தப் படகோட்டிச் சமூகம் எழுப்பிய கோயில் அங்கே நிற்கிறது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷனும் அங்கேதான். ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் குடியிருந்த தெருக்களும் அங்கேதான். கிறிஸ்துமஸ் படம் எடுக்க இதைவிடத் தோதான ஊர் உண்டா? ஆனால் கேமரா இந்தப் பக்கம் வந்தால் கத்தியைத்தான் தேடும்.

சரி, எடுத்தால் எப்படி இருக்கும்?

ஹீரோயின் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சோழிங்கநல்லூரில் பி.ஜி.யில் தங்கியிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறாள். 'ஊர்' என்றால் ஒன்றரை மணி நேரம். அமெரிக்கக்காரி பனி படர்ந்த பைன் மரங்களுக்கு நடுவே காரில் வருவாள். இவள் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சாலைக்கு 'விரைவு' என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. குக்கி சுடும் காட்சிக்குப் பதில் கல்கல் உருட்டும் காட்சி. சீப்பின் மேல் மாவை வைத்து அழுத்தி உருட்டுவதில் நாயகனின் விரலும் நாயகியின் விரலும் படுவதற்கு ஏகப்பட்ட வாய்ப்பு உண்டு. ஊர் கூடி மரத்துக்கு விளக்கேற்றும் விழாவுக்குப் பதில் கேரல் ரவுண்ட்ஸ். பிளாஸ்டிக் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா மினி லாரியில் நின்று ஆட, பின்னால் கிடாரும் டிரம்ஸும். நள்ளிரவுப் பூசை, அது முடிந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பிரியாணி. கட்டம் போட்ட சட்டைக்காரன் இருக்கவே இருக்கிறான், காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறான். பனிக்குப் பதில் மழை. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டால் படகு கிளம்பாது. ஹீரோ கையில் நிறைய நேரம் இருக்கும், காதலிக்க வசதி. (பையில் காசு இருக்காது என்பதை மட்டும் படத்தில் காட்டக்கூடாது.)

இதுவரை சூத்திரம் அழகாகப் பொருந்துகிறது. இடிப்பது கடைசி அரை மணி நேரத்தில். அங்கே 'போவதா, தங்குவதா' என்ற கேள்வி வரும். அமெரிக்கப் படத்தில் தங்குவதற்கு விலையே கிடையாது. இந்தக் கரையில் அப்படி இல்லை. திருவொற்றியூருக்கென்றே ஒரு பழைய காதல் கதை உண்டு. பெரியபுராணத்தில் சுந்தரர் இங்கே பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்து மயங்குகிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்துதான் கல்யாணம். ஆள் கொஞ்சம் தந்திரக்காரர். சன்னிதியில் சத்தியம் செய்கிறேன், அந்த நேரம் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனோடு முன்கூட்டியே பேசி வைக்கிறார். சிவனோ சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். பிறகு சுந்தரருக்குத் திருவாரூர் ஞாபகம், பரவையார் ஞாபகம். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது. ஹால்மார்க் எழுத்தாளர்கள் தொட மாட்டார்கள் இந்தக் கதையை. ஊரை விட்டுப் போவதும் இலவசமில்லை, வாக்குக் கொடுத்துவிட்டு இருப்பதும் இலவசமில்லை.

அப்புறம் அந்தக் கம்பெனி. பல படங்களில் ஹீரோயினையே அனுப்பி வைப்பது ஒரு பெரிய கம்பெனிதான். பழைய விடுதியை வாங்கி இடித்து ரிசார்ட் கட்டுவது திட்டம். அவள் காதலில் விழுந்ததும், முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டத்தைக் கைவிட்டுவிடுவார். மணலியிலும் எண்ணூரிலும் எந்த முதலாளி காதலைப் பார்த்துத் திரும்பிப் போனார்? சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்கள், உர ஆலை, 2001-ல் இருந்து இரண்டாவது துறைமுகம் என்று வந்துகொண்டேதான் இருந்தார்கள். 1970-ல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதற்குக் காரணம் காதல் இல்லை, வயசு. 'வட சென்னை' (2018) படத்திலும் கடலோரக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லும் திட்டம் ஒன்று வருகிறது. அங்கேயும் யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

கடைசிப் பிரச்சினைதான் பெரியது. அந்தப் படங்கள் எல்லாம் 24-ஆம் தேதி ராத்திரியோ 25-ஆம் தேதி காலையோ முடிந்துவிடும். முத்தம், பனி, எழுத்துகள் மேலே ஏறும். வடசென்னைக் கரையில் 26-ஆம் தேதி என்று ஒன்று இருக்கிறது.

2004-ல் அது ஞாயிற்றுக்கிழமை. பண்டிகை முடிந்து வீட்டில் மிச்சப் பலகாரம் இருந்த காலை. கடல் உள்ளே வந்தது. கரையோரக் குப்பங்களில் வீடிழந்தவர்கள் பலரைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் வைத்தார்கள். அடுத்த வருஷ மழையில் அந்தக் கொட்டகைகளுக்குள்ளேயும் தண்ணீர் வந்தது.

2023-ல் டிசம்பர் தொடக்கத்திலேயே மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்து படிந்தது. படகு கறுப்பு, வலை கறுப்பு, கூழைக்கடாக்களின் இறக்கை கறுப்பு. மீனவர்களே படகில் போய் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளினார்கள். அந்த வருஷ கிறிஸ்துமஸ் அப்படித்தான் வந்தது. 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாளே ஆலையை மூடச் சொல்லிச் சாலைக்கு வந்துவிட்டார்கள்.

டிசம்பரில் கெட்டது எதுவும் நடக்காது என்று ஒரு படம் இரண்டு மணி நேரத்துக்கு உறுதி கொடுத்தால், அதைப் பார்த்துச் சிரிக்க இந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் அதிக உரிமை இருக்கிறது. அந்த உறுதி யாருக்கும் முன்னால் அவர்களுக்குத்தான் தேவைப்படுகிறது என்பதும் உண்மை. ஆகவே படத்தை 25-ஆம் தேதி நிறுத்திவிடலாம் என்று தயாரிப்பாளர் சொன்னால் கோபப்பட முடியாது. மழை நின்றிருக்கும், ஸ்டார் எரிந்துகொண்டிருக்கும், கல்கல் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மொட்டை மாடியில் நிற்பார்கள்.

பனிக்கு மட்டும் ஒரு யோசனை. கனடாவில் இருந்து நுரை மெஷின் எல்லாம் வரவழைக்க வேண்டாம். செப்பாக்கத்துப் பக்கம் யூனிட்டை இறக்கினால் போதும். அனல்மின் நிலையச் சாம்பல் குளம் அங்கேதான் இருக்கிறது. காற்று திரும்பினால் கூரை, கொடியில் காயும் துணி, முற்றம் எல்லாம் வெளுத்துவிடும். கேமராவில் வித்தியாசம் தெரியாது.