வைத்தியம் மட்டும் போதாது

2024 ஆகஸ்ட் 31, சனி

பாரிஸ் பாராலிம்பிக்கில் நேற்று பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் ப்ரீத்தி பால் 14.21 விநாடியில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கியிருக்கிறார். பாராலிம்பிக் ஓடுதளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் இது. நோயை வென்றவர் என்று அவரைப் பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு இருக்கும், டாக்டர்கள் செரிபிரல் பால்சி என்று சொல்லும் மூளை முடக்குவாதம் வென்றுவிடக்கூடிய நோயல்ல. கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ வளரும் மூளைக்கு நேர்ந்த சேதம் அது. சேதம் பரவாது, ஆறுவதும் இல்லை. அவர் ஓடிய டி35 பிரிவே இந்தச் சேதத்தால் வரும் தசை இறுக்கத்தோடும் தடுமாற்றத்தோடும் ஓடுகிறவர்களுக்கானது. அந்தக் கால்களைக் கொண்டே வேகம் கூட்டக் கற்றுக்கொடுக்க ஒரு கோச் கிடைத்தார், ஓட ஒரு தடம் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும். நம் ஊரில் இப்படிப் பிறந்த குழந்தைக்கு பிசியோதெரபி என்ற ஒரே வழியைத்தான் காட்டுகிறோம். அது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது என்பதே என் வாதம்.

செப்டம்பர் 2, திங்கள்

பயிற்சி கொடுத்தால் இறுகிய தசை இன்னும் இறுகிவிடாதா என்று பெற்றோர் பயப்படுவதில் நியாயம் உண்டு. வைத்திய உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியது. லண்டனில் பணியாற்றிய பொபாத் தம்பதியின் சிகிச்சை முறையைப் பின்பற்றியவர்கள், எடை வைத்துப் பழகுவதைப் பல ஆண்டுகள் தவிர்த்தார்கள். அமெரிக்காவில் டயான் டாமியானோ குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வலு கூடியது. அதன்பின் வந்த ஆய்வுகளிலும் வலு கூடியதால் இறுக்கம் கூடியதாகத் தெரியவில்லை. இறுக்கத்துக்குப் பின்னால் பலவீனமும் இருக்கிறது என்பது அப்புறம்தான் பலருக்கு உறைத்தது. நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான இன்னொரு ஆய்வில், பள்ளிப் பிள்ளைகள் வாரம் இருமுறை, எட்டு மாதம் பயிற்சி எடுத்தார்கள். மூச்சுத் திறன் தெளிவாக உயர்ந்தது. பயிற்சி நின்றதும் ஆதாயம் குறையத் தொடங்கியது. இந்தப் பின்பாதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சில மாதச் சிகிச்சையாகக் கொடுத்து நிறுத்தினால் பலன் நிற்காது. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். ஒரு பிள்ளை எதை ஆண்டுக்கணக்கில் விரும்பிச் செய்யும்? பத்துத் தடவை காலை மடக்கி நீட்டச் சொன்னால் அலுத்துவிடும். விளையாட்டு என்றால் நாளைக்கும் வரும்.

வலு கூடினாலும் நடை பெரிதாக மாறவில்லை என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் நடையை மட்டுமே அளவுகோலாக வைத்தால், நடக்கவே முடியாத பிள்ளைக்கு எதுவுமே மிஞ்சாது.

செப்டம்பர் 5, வியாழன்

அப்படி நடக்க முடியாதவர்களுக்காகவே அமைந்த ஆட்டம் போச்சியா. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. பாரிஸில் இன்று முடிகிறது. ஒரு தரப்புக்கு ஆறு சிவப்புப் பந்து, எதிர்த்தரப்புக்கு ஆறு நீலம். இலக்கான வெள்ளைப் பந்துக்கு யாருடைய பந்து நெருக்கமோ அவருக்குப் புள்ளி. கையால் எறிய முடியாதவர்கள் பிசி3 பிரிவில் சாய்தளம் வைத்து ஆடுகிறார்கள். அங்கே உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்த்தால் தண்டனை உண்டு. இடப்பக்கம் நகர்த்து, உயரத்தைக் கூட்டு என்று ஆட்டக்காரர் சொல்கிறபடி அவர் சாய்தளத்தை அமைப்பார். நெற்றியில் கட்டிய கோலால் பந்தை விடுவிப்பது ஆட்டக்காரர்தான். இதெல்லாம் விளையாட்டா, உதவியாளர்தானே ஆடுகிறார் என்று கேட்பவர்களுக்கு அந்தத் திரும்பிய முதுகே பதில். எந்தப் பந்தைத் தட்டிவிடுவது, எவ்வளவு வேகம் வேண்டும், எதிராளியின் வழியை எப்படி அடைப்பது என்ற கணக்கு முழுக்க ஆட்டக்காரருடையது. தென் கொரியா 1988 சியோல் தொடங்கி ஒவ்வொரு பாராலிம்பிக்கிலும் இதில் தங்கம் வாங்கிவருகிறது. இந்த முறை பிசி3 ஆண்கள் பிரிவில் ஜங் ஹோ-வோன் வென்றிருக்கிறார். அத்தனை ஆண்டுத் தொடர்ச்சி தனி மனிதத் திறமையால் மட்டும் வராது. அடுத்தடுத்த தலைமுறைக்கு யாரோ இடைவிடாமல் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

சாதனையாளரைக் காட்டினால் மற்ற பிள்ளைகள் மேல் சுமை ஏறும் என்ற ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது. அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை என்று கேட்கும் வீடுகள் இருக்கவே செய்கின்றன. அதற்காகப் பதக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. கேள்வியைப் பிள்ளையிடமிருந்து எடுத்து அரசிடமும் பள்ளியிடமும் வைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு விளையாட்டில் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. செலவைக் காரணம் காட்டவும் பெரிதாக இடமில்லை. போச்சியா ஆடுகளம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலிலேயே அடங்கிவிடும். பழகிப் பார்க்க, நெடுக்காக அறுத்த பிவிசி குழாயே சாய்தளமாகும். தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களில் இந்தப் பிள்ளைகளுக்கு பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பிள்ளையும் பெற்றோரும் ஏற்கெனவே வந்துபோகிற இடம் அது. அங்கே தரையில் கோடு போட்டு, ஒரு உடற்கல்வி ஆசிரியருக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்து, வாரத்தில் இரண்டு நாள் ஆடவிடலாம்.