கடைவாய்ப் பல்லின் ஓரம்

ஜூன் 9, திங்கள்

மதியச் சாப்பாடு முடிந்ததும் கணக்கு டீச்சர் என்னை ஆய்வகப் பக்கம் தனியாக அழைத்துப் போனார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். பேசும்போது வாய் வாடை வருது. ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். சொல்லி முடித்தபோது அவர் கண்தான் கலங்கியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கூடப் பிறந்தவள்கூடச் சொல்லத் தயங்குகிற விஷயம் இது.

இரண்டு வேளையும் பல் துலக்குகிறேன். வெற்றிலை பாக்குப் பழக்கம் இல்லை. அப்படியும் எப்படி எனக்கே தெரியாமல் போயிற்று? இரவெல்லாம் இதே யோசனை. அரிசி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் புழுங்கல் வாடை தெரியாது. ஓயாமல் இருக்கிற வாசனையை மூக்கு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஜூன் 11, புதன்

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் வைத்தியங்கள் வரிசை கட்டின. அத்தை, வயிற்றில் புண் இருக்கும், வெந்தயம் ஊறவைத்துக் குடி என்றார். தங்கை போனில், உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்றாள். மருந்துக் கடையில் அசிடிட்டி மாத்திரை எடுத்து நீட்டினார்கள். எல்லோருக்கும் வயிறுதான் குற்றவாளி.

ஆனால் படித்துப் பார்த்ததில் வேறு மாதிரி இருக்கிறது. நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. உணவுக்குழாய் எப்போதும் திறந்து கிடக்கிற குழாய் அல்ல. விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும்தான் திறக்கிறது. வாய்க்கு அடுத்தபடியாக மூக்கு, சைனஸ், டான்சில். சர்க்கரை மிகவும் கட்டுமீறிப் போனால் பழம் புளித்த மாதிரியும், சிறுநீரகம் செயலிழந்தால் அமோனியா நெடி போலவும் மூச்சில் வாடை வரும். அந்த நோய்களை அலட்சியப்படுத்தக் கூடாதுதான். ஆனால் தேடலை அங்கே தொடங்க வேண்டியதில்லை.

இரவு ஒரு சில்வர் ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பக்கம் மெதுவாக வழித்தேன். மஞ்சள் பூத்த வெள்ளைப் படிவு. ஒரு நிமிடம் உலரவிட்டு முகர்ந்தேன். கணக்கு டீச்சர் சொன்னது உண்மை.

ஜூன் 14, சனி

கும்பகோணத்தில் ஈறு சிகிச்சைக்கென்றே படித்த ஒரு பெண் மருத்துவர். முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டார்: ஏலக்காய் மெல்லாதீங்க, வாய் கொப்பளிக்கிற மருந்து எதுவும் போடாதீங்க, மறைச்சுக்கிட்டு வந்தா எனக்குத் தெரியாது.

அவர் செய்த முதல் காரியம் என்னை உருக்கிவிட்டது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, என் முகத்தருகே குனிந்தார். வாயை மூடி மூக்கால் மூச்சு விடச் சொல்லி முகர்ந்தார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் விடச் சொன்னார். "மூக்குல இல்லம்மா. வாய்லதான்" என்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அடுத்து டான்சில் குழிகளைப் பார்த்தார். சிலருக்கு அங்கே வெள்ளையாக, சோற்றுப் பருக்கை மாதிரி கல் சேர்ந்து நாறுமாம். எனக்கு அது இல்லை.

பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லாக அளவு சொல்லிக்கொண்டே போக, உதவியாளர் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். ரெண்டு, மூணு, ரெண்டு, ரெண்டு, மூணு. மூன்று வரை சரி என்றார். வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வந்ததும் குரல் நின்றது. "ஏழு."

அது கேப் போட்ட பல். அதன் ஓரத்தில் பல் இடுக்கு நூலை விட்டு எடுத்து என் மூக்கருகே நீட்டினார். குமட்டிவிட்டது. அதே மாதிரி இடதுபக்கம் விட்டெடுத்த நூலில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயில் கேப்பின் விளிம்பு பல்லோடு ஒட்டாமல் சின்னத் திண்ணை போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன்கீழ் எலும்பும் கொஞ்சம் கரைந்திருந்தது. பருப்பும் கீரையும் வருடக்கணக்கில் அங்கே போய்த் தங்கியிருக்கின்றன. எந்த பிரஷ்ஷும் அங்கே எட்டாது.

ஜூன் 15, ஞாயிறு

கோபமாக இருக்கிறது. இந்த கேப்பைப் போட்ட இடத்தில் பணம் வாங்கினார்கள், ரசீது கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்தப் பக்கம் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று போய்ச் சொன்னபோது, பேஸ்ட்டை மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தம் கசிகிற ஈறு என்பது கதவைத் தட்டுகிற நோய். அதை மருத்துவம் படித்தவர்கள் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

மருத்துவர் விளக்கியதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். காற்று புகாத இடுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் உணவுத் துணுக்கு, செத்த செல், கசிந்த ரத்தம் ஆகியவற்றின் புரதத்தைச் சிதைக்கின்றன. அப்போது கந்தக வாயுக்கள் வருகின்றன. ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம். இன்னொன்று மீதைல் மெர்காப்டன். ஈறு நோயில் இதுதான் அதிகம். சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கிறார்களே எதைல் மெர்காப்டன், அதற்கு உடன்பிறப்பு. துளியளவு இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

ஜூன் 22, ஞாயிறு

மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்தார்கள். கேப்பை அறுத்து எடுத்தாயிற்று. ஈறு ஆறியபின் புதியது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு இரண்டு வாரம் மட்டும். நீட்டித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். பேஸ்ட் போட்டுத் துலக்கியதும் கொப்பளித்தால் மருந்தின் வேகம் குறையும், அரைமணி நேரம் விடச் சொன்னார்.

தும்மலுக்காக நான் தினமும் போடும் செட்டிரிசின் பற்றியும் கேட்டார். அது வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். எங்கள் டாக்டரிடம் கேட்டு, தேவைப்படும்போது மட்டும் என்று மாற்றியாயிற்று. வகுப்பில் தண்ணீர்ப் பாட்டில் மேசைமேலேயே இருக்கிறது. நாக்கு வழிப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம்தான். ஆனால் முன்நாக்கோடு நின்றுவிடுகிறோம், படிவு சேர்வதோ பின்நாக்கில்.

ஜூலை 5, சனி

லிஸ்டரின் என்ற கொப்பளிப்பு மருந்தின் கதையைப் படித்தேன். 1879-இல் அமெரிக்காவில் ஜோசப் லாரன்ஸ் என்ற மருத்துவர் அதை உருவாக்கினார். முதலில் அறுவைச் சிகிச்சைக்கான கிருமிநாசினி. 1920-களில் அதை வாய் நாற்றத்துக்கு மருந்தாக விற்கத் தொடங்கினார்கள். கல்யாணம் ஆகாமல் நிற்கும் பெண்ணைக் காட்டி, காரணம் அவள் வாய், அவளிடம் சொல்ல யாருமில்லை என்று விளம்பரம். நிறைய விற்றது. அந்த வெட்கத்தைத்தான் இன்றைக்கும் புதினா மிட்டாய்வரை விற்கிறார்கள். மணம் அரைமணி நேரம் மறைக்கும், மிட்டாயின் சர்க்கரை பல்லைச் சொத்தையாக்கும் கிருமிக்குத் தீனியாகும். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்பவருக்கு ஈறு உள்ளுக்குள் கரைந்துகொண்டே போகும். நாற்றத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

செப்டம்பர் 20, சனி

ஏழு மில்லிமீட்டர் நான்காகியிருக்கிறது. புது கேப் கச்சிதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். பல் இடுக்குக்கென்று குட்டி பிரஷ் ஒன்று இப்போது என் பேஸ்ட் டப்பாவில்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை எழுத மனம் வரவில்லை. பட்டப்பெயர் சொன்னவர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசிவிட்டேன். அவன் வாயைத் திறந்தபடிதான் மூச்சு விடுகிறான், உதடு வெடித்திருக்கிறது. இன்று அவன் அம்மாவை வரச் சொல்லி, யாரும் இல்லாத நேரத்தில் அவன் வாய் வாடையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் நல்லாத்தான் தேய்க்கச் சொல்றேன் டீச்சர்" என்றார்.

"இது உங்க குறையும் இல்லம்மா, அவன் குறையும் இல்ல" என்றேன். தூக்கத்தில் குறட்டை விடுவானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியானால் மூக்கின் பின்பக்கம் அடினாய்டு சதை வீங்கி அடைத்திருக்கலாம், வாயால் மூச்சு விட்டு விட்டு வாய் காய்ந்திருக்கலாம். பல்லையும் பார்த்துவிட வேண்டும். இரண்டும் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அழைத்துப் போகிறாராம். அன்று முதல் இரண்டு பீரியட் எனக்கு வகுப்பில்லை. நானும் கூடப் போகிறேன்.