வாசலில் கொடுத்த அரிசி

அகாபுல்கோவில் எங்கள் காலை, தண்ணீர் லாரி வருமா என்ற விசாரிப்பில்தான் தொடங்கும். மெக்சிகோவின் பசிபிக் கரையில், கெரேரோ மாநிலத்தில் இருக்கும் ஊர் இது. விரிகுடாவை ஒட்டி வளைந்து ஓடும் கோஸ்தேரா சாலை, அதன் நெடுகிலும் அடுக்குமாடி ஹோட்டல்கள், லா கெப்ராடா பாறை உச்சியிலிருந்து கடலுக்குள் பாயும் வீரர்கள். சுற்றுலாப் படங்களில் வருவது அவ்வளவுதான். அந்த ஹோட்டல்களில் படுக்கை விரிப்பவர்களும் பாத்திரம் கழுவுபவர்களும் டாக்சி ஓட்டுபவர்களும் பின்னால் எழும்பும் மலைச்சரிவுகளில் குடியிருக்கிறார்கள். நாங்களும் அங்கேதான் இருக்கிறோம். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. லாரிக்குச் சொல்லிவைத்து, அது ஏற முடியாத சந்துகளுக்கு ரப்பர் குழாயை நீட்டி, மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியை நிரப்ப வேண்டும். குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் தனி.

மிஷனரி என்றால் காலையிலிருந்து இரவுவரை பிரசங்கம் செய்பவர் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் எங்கள் ஊரில் இன்னும் உண்டு. எங்கள் நாளில் பிரசங்கத்துக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். என் கணவர் ஹோட்டல் வேலைக்குப் போக விரும்பும் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார். நான் பிள்ளைகளின் பள்ளி அழைப்புகள், மருத்துவமனை வரிசைகள், கணவன்மார் வடக்கே அமெரிக்காவுக்குப் போய்ப் பணம் அனுப்பாத வீடுகள் என்று அலைகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் கடற்கரையில் கூட்டம் அள்ளும். எங்கள் விசுவாசிகளில் பாதிப் பேர் அன்று வேலையில் இருப்பார்கள். ஆகவே எங்கள் பெரிய ஆராதனை திங்கட்கிழமை மாலை. ஊரிலிருந்து பேசும் அத்தைக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் மனம் ஒப்பவில்லை.

இப்படி வெளிப்படையாக ஊழியம் செய்ய முடிவதே இந்த நாட்டில் புதிது. 1917 அரசியல் சாசனம் சபைகளை இறுக்கிப் பிடித்திருந்தது. வெளிநாட்டவர் போதகராகப் பணியாற்றச் சட்டம் இடம் தரவில்லை. 1992-இல் சாசனத்தைத் திருத்தி, சபைகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்த பிறகே எங்களைப் போன்றவர்கள் முறையாக விசா வாங்கி வர முடிந்தது. கத்தோலிக்கம் அதற்கும் முன்பே இங்கே வேரூன்றிவிட்டது. 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து பட்டும் மசாலாவும் ஏற்றி வந்த கப்பல்கள் இந்தத் துறைமுகத்தில்தான் சரக்கு இறக்கின. அந்தக் கப்பல் பாதையில் அடிமையாக வந்த இந்தியப் பெண் கத்தாரினா தெ சான் ஹுவான், பின்னாளில் புவேப்லா நகரில் பக்தைப் பெண்ணாகப் பெயர் பெற்று 1688-இல் இறந்தார். பக்கத்து வீட்டுப் பாட்டி என்னை முதலில் பார்த்தபோது அவரைத்தான் சொன்னார். "உங்க ஊர்லேர்ந்து ஒருத்தி ஏற்கெனவே வந்துட்டாளே, மகளே! நீ எதுக்கு?" கேலிதான். இருந்தாலும் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

பாட்டி தீவிர கத்தோலிக்கர். டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாளுக்கு விடியுமுன்னே பட்டாசு வெடிக்கும் வீடு அது. எங்கள் கூட்டத்துக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் வியாழக்கிழமை தவறாமல் ஒரு சட்டி பச்சைப் பொசோலே வரும். சோள மணியும் பன்றிக் கறியும் பூசணி விதையும் போட்டுக் காய்ச்சுவது. வியாழன் என்றால் கெரேரோ முழுக்க பொசோலேதான்.

ஊரின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். கடை வைத்தால் மாமூல், டாக்சி ஓட்டினால் மாமூல். கேட்பவர்கள் ஆயுதக் கும்பல்கள். கொடுக்காத நாளில் பேருந்துகள் நின்றுவிடும், பள்ளிக் கதவுகள் மூடிக்கொள்ளும். எங்கள் சபை மூப்பர் டாக்சி ஓட்டி ஓய்ந்தவர். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குமேல் ஜெபக்கூட்டம் வைக்கக் கூடாது என்பதை அவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வோம்.

2023 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. முந்தைய நாள்வரை ஓட்டிஸ் ஒரு வெப்பமண்டலப் புயல். மழை வரும், பள்ளத்தில் இருப்பவர்கள் கவனம் என்ற அளவில்தான் பேச்சு. கணிப்பு மாதிரிகள் அதன் வலுவைத் தவறவிட்டிருந்தன. சூடேறிக் கிடந்த கடல்மேல் அது ஒரே பகலில் பெருத்து, இரவு பத்து மணிக்குள் ஐந்தாம் வகைச் சூறாவளியாகிவிட்டது. நகரத்தில் அந்த வாரம் சர்வதேசச் சுரங்க மாநாடு வேறு. ஹோட்டல்களில் வெளியூர்க்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எங்கள் விசுவாசிகளில் சிலர் அங்கே இரவு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் புயல் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஐந்தாம் வகைச் சூறாவளி அதே வலுவோடு கரையேறியதாகப் பதிவானது அதுவே முதல் முறை. அந்த எண்கள் எல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்போது தெரிந்தது காதில் ஏற்பட்ட அழுத்தமும், தகரக் கூரைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து போகும் சத்தமும்தான். காங்கிரீட் கூரை இருந்த எங்கள் சமையலறைக்கும் குளியலறைக்கும் சுற்று வீட்டார் ஓடி வந்தார்கள். பாட்டி மாதா படத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். அவர் ஜெபமாலை சொன்னார். நாங்கள் எங்கள் வழியில் ஜெபித்தோம். யார் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

விடிந்து பார்த்தபோது மலையில் பச்சை இல்லை. நின்ற மரங்களிலும் இலை இல்லை. தீ வைத்து எரித்த காடு மாதிரி இருந்தது. கீழே ஹோட்டல்கள் நின்றன, ஆனால் கண்ணாடியும் உள்சுவர்களும் பறந்துபோய் எலும்புக்கூடாக. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. தொலைபேசி இல்லை. மெக்சிகோ நகரத்திலிருந்து வரும் நெடுஞ்சாலை மண்சரிவில் அடைபட்டது. பார்வையிடத் தரைவழியாகக் கிளம்பிய அப்போதைய குடியரசுத் தலைவர் லோபெஸ் ஒப்ரதோரின் வண்டியே சேற்றில் சிக்கியது. இரவு வேலைக்குப் போன எங்கள் ஆட்கள் கோஸ்தேரா நெடுக நடந்தே வீடு வந்து சேர்ந்தார்கள். சேராதவர்களும் உண்டு. முதலாளிகளின் உல்லாசப் படகுகளைக் காவல் காக்கப் படகிலேயே தங்கிய மாலுமிகள் பலர் அந்த இரவில் கடலோடு போனார்கள். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 50-க்கு மேல். காணாமல் போனவர்கள் தனி. அடுத்த வாரமே இறந்தோர் நாள். உடல் கிடைக்காத குடும்பங்கள் படகுத்துறையில் நின்றபடி, தேடச் சொல்லி அதிகாரிகளிடம் மன்றாடிக்கொண்டிருந்தன.

அன்றே கடைகள் உடைபட்டன. ஊரில் பாதி நீதியையும் பாதி அநீதியையும் ஒரே தெருவில் பார்த்தேன். ஒரு பெண் பால்பவுடர் டப்பாக்களைப் பாவாடை மடிப்பில் சுமந்து போனாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் குளிர்பதனப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போனார்கள். அதை இயக்க ஊரில் மின்சாரமே இல்லை. மறுநாள் எங்கள் சபைப் பெண் ஒருத்தி, ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்பவள், ஒரு மூட்டை அரிசியும் பயறும் மசா என்னும் சோள மாவுப் பைகளும் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். "பொதுச் சமையலுக்கு, எர்மானா (சகோதரி)" என்றாள். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

என் கணவருக்கு அது பெரிய சங்கடம். களவு செய்யாதிருப்பாயாக என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்யவைத்த பிள்ளைகள் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பசித்த தாவீது சமுகத்தப்பத்தை எடுத்துச் சாப்பிட்டதை ஒருவர் நினைவூட்டினார். அதைச் சாக்காக வைத்து டிவியைத் தூக்கலாமா என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். மூப்பர் கடைசியில் வாயைத் திறந்தார். "வாய்க்குள்ள போறது வரட்டும். சுவத்துல மாட்டுறது இந்த வாசலைத் தாண்டக் கூடாது." வேதக் கல்லூரியில் நாங்கள் படித்த ஒழுக்கவியலைவிட அந்த ஒரு வரி அன்றைக்கு உதவியது. சாய்ந்த மரங்களையே விறகாக்கி அடுப்பு மூட்டினோம்.

சில நாளில் சாலை திறந்தது. ராணுவம் வந்தது, உணவுப் பைகள் வந்தன, கூடவே வெளியூர்ச் சபைக் குழுக்களும் வந்தன. அரிசி, பீன்ஸ், எண்ணெய், டூனா டப்பா, கழிவறைக் காகிதம் போட்ட பை. இங்கே தெஸ்பென்சா என்பார்கள். ஒரு குழு எங்கள் கூடத்தில் பேனர் கட்டி, முதலில் பாட்டு, பிறகு செய்தி, பிறகு கையை உயர்த்தச் சொல்லி அழைப்பு, கடைசியில் பை என்று வரிசை வகுத்தது. வெயிலில் கைக்குழந்தைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அழைப்புக்கு எல்லாரும் கையை உயர்த்தினார்கள். உயர்த்தாமல் இருக்க முடியுமா? பாட்டியும் வந்திருந்தார். அவர் மட்டும் கையை உயர்த்தவில்லை. பை வாங்காமலே எழுந்து போனார்.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். 1877-78 பஞ்சத்தையொட்டி அங்கே ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். அவர்களில் என் பாட்டனாரின் முன்னோரும் உண்டு. சோற்றுக்கு வந்தவர்கள் என்ற ஏச்சு எங்கள் வீட்டுப் பேச்சில் மூன்று தலைமுறை தாண்டியும் கேட்டது. உண்மையில் அவர்கள் எதற்காக வந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்தப் பஞ்சக் கஞ்சி குறுக்கே நின்றுவிட்டது. உதவியையும் விசுவாசத்தையும் ஒரே கையால் நீட்டினால் நேரும் கேடு இது. வாங்குகிறவரின் விசுவாசம் அவருக்கே சந்தேகமாகிவிடுகிறது.

அன்று மாலை சபையைக் கூட்டினோம். பேசியது பெரும்பாலும் பெண்கள்தான். பைகளை இனி கூடத்துக்குள் கொடுப்பதில்லை, வாசலில் கொடுப்பது. ஆராதனை இல்லாத நேரத்தில் கொடுப்பது. எந்தச் சபை என்று கேட்பதில்லை. படம் எடுப்பதில்லை என்று முடிவானது. பாட்டியின் பங்குக் கோவிலோடு தெருக்களைப் பிரித்துக்கொண்டோம், ஒரே வீட்டுக்கு இரண்டு பை போகாமலும் ஒரு வீடும் விட்டுப்போகாமலும் இருக்க. வெளியூர்க் குழுவுக்கு வருத்தம். எங்களைத் தாங்கும் அமைப்பிலிருந்து வந்த மாத அறிக்கைப் படிவத்தில் அந்த மாதமும் புதிய ஆத்துமாக்கள் எத்தனை என்ற பத்தி இருந்தது. அதை வெறுமையாக விட்டு, எத்தனை கூரைத் தகடு தேவை என்று எழுதி அனுப்பினோம். ஏன் வெறுமை என்று கேட்டுக் கடிதம் வந்தது. தகடு பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

குப்பை வாரக்கணக்கில் தெருவில் குவிந்து கிடந்தது, டெங்கு வந்தது. அரசு வீடு வீடாகக் கணக்கெடுத்துத் துப்புரவுக்கு 8,000 பெசோவும், சேதத்தைப் பொறுத்து 35,000 முதல் 60,000 பெசோ வரையும், வீட்டுச் சாமான்களும் கொடுத்தது. கணக்கெடுப்பவர் வந்த நேரத்தில் வேலைக்குப் போயிருந்தவர்கள் விடுபட்டுப்போனார்கள். அவர்களோடு அலுவலக வாசல்களில் நிற்பதே மாதக்கணக்கில் எங்கள் ஊழியமானது. ஹோட்டல்களில் விளக்கு எரியத் தொடங்கிய பிறகும் மலையில் நீலத் தார்ப்பாய்களே கூரையாக இருந்தன. புயலுக்குப் பின் நிரம்பி வழிந்த எங்கள் கூடம், பைகள் நின்றதும் மெல்லக் காலியானது. எங்களுக்கு அதில் வருத்தமில்லை. வந்தவர்கள் தாங்களாக வந்தார்கள், போனவர்கள் கடனில்லாமல் போனார்கள்.

2024 செப்டம்பர் கடைசியில் ஜான் புயல் வந்தது. ஒருமுறை கரையேறி, வலுவிழந்து, கடலில் மறுபடி கூடிக் கரையோரமாகவே நகர்ந்து நாள்கணக்கில் மழையைக் கொட்டியது. இம்முறை காற்றைவிட வெள்ளம்தான் ஊரை அழித்தது. தாழ்வான குடியிருப்புகளில் மார்பளவு தண்ணீர். யாரும் யாரையும் கேட்காமலே பங்குக் கோவில் முற்றத்தில் அடுப்பு மூண்டது. எங்கள் சபையின் பெரிய சட்டிகள் அங்கே போயின. பாட்டிதான் மேற்பார்வை. வாசலில் கொடுப்பது என்ற விதியை அவரே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டிலிருந்து வெளியே ஊழியர்களை அனுப்பும் சபைகள் இன்று பல உண்டு. காணிக்கை கொடுப்பவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை இருக்கிறது. பணம் எங்கே போனது என்று காசு காசாகக் கேளுங்கள். ஆனால் பேரிடர் நடந்த ஊரிலிருந்து ஆத்துமாக் கணக்குக் கேட்காதீர்கள். உங்கள் படிவத்தில் அந்தப் பத்தி இருந்தால், அடுத்த புயலுக்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள்.